பிற்பகல் கச்சேரியையும் கேன்டீன் கதவையும் மூடாதீர்கள்: எங்கள் சங்கீத சபாவின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சபாவின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சபா வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். வரும் டிசம்பர் சீசனிலிருந்து பிற்பகல் இலவசக் கச்சேரிகள் கிடையாது. அந்த நேரம் 'ஸ்பான்சருடன் விண்ணப்பிக்கும்' இளம் கலைஞர்களுக்கும் தனியார் நிகழ்ச்சிகளுக்கும் ஒதுக்கப்படும். கேன்டீனில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களும் செயலியில் முன்பதிவு செய்தவர்களும் மட்டும் சாப்பிடலாம். தொடக்க நாள் மங்கள இசை ஒலிப்பதிவாக ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் காரணமாக ஒரே ஒரு வரி: 'உண்மையான ரசிகர்களுக்குத் தரமான அனுபவம் தருவதற்காக.'

அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டேன். "கமிட்டி முடிவும்மா, ஏதாவது சொல்லணும்னா எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி, எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்த முடிவால் வெளியே நிற்கப்போகிறவர்களில் பலர் உங்கள் அலுவலகப் படியேறி நியாயம் கேட்கிறவர்கள் இல்லை. சபாவின் பெயரைக் குறிப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நான் தபால் அலுவலகத்தில் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேளச்சேரியில் குடியிருக்கிறேன். பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றதில்லை. வீட்டில் வீணையோ தம்புராவோ இருந்ததில்லை. வேலையில் இருந்த காலத்தில் டிசம்பரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவேன். பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது 2007-ல்தான். அதற்கு முன்னால் இரண்டு பஸ் மாறி வருவேன். எனக்குத் தெரிந்த சங்கீதம் முழுவதும் உங்கள் அரங்கத்தின் பிற்பகல் நாற்காலிகளில் தெரிந்துகொண்டதுதான்.

எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன், இது உங்கள் முடிவோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஆரம்பத்தில் எனக்கு ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் ஒரு மாமி உட்காருவார். மடியில் ஒரு சின்ன டயரி. பாட்டு, ராகம், தாளம் என்று பென்சிலால் மூன்று பத்தி கோடு போட்டு வைத்திருப்பார். பாடகர் ஆலாபனையை, அதாவது ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதை, தொடங்கி இரண்டு மூன்று பிடிகள் பிடித்ததும் ராகத்தின் பெயரை எழுதி, டயரியை என் பக்கம் லேசாகச் சாய்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கச்சேரி நடக்கும்போது பேசுவது அவருக்குப் பிடிக்காது. இப்படியே எத்தனையோ பிற்பகல்கள். அப்புறம் ஒரு நாள் டயரியைச் சாய்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "ஷண்முகப்ரியா?" என்றேன், பாதிக் குரலில். தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். தாளமும் இப்படித்தான். முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டி விரல் எண்ணுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று ஆதி தாளம் என் கைக்கு வந்தது.

மாலை ஏழு மணிக் கச்சேரிக்கு இப்படி யாரும் கற்றுக்கொள்ள வருவதில்லை. நல்ல டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவர்களோடு வருகிறவர்கள். தெரியாதவர் தைரியமாக உள்ளே நுழைந்து, பிடிக்காவிட்டால் எழுந்து போய், பிடித்தால் மறுநாளும் வந்து, மெல்ல மெல்லக் காது பழகுகிற நேரம் பிற்பகல்தான். அங்கே காசு கேட்பவர் இல்லை, உனக்கு என்ன தெரியும் என்று கேட்பவரும் இல்லை. இப்படி உருவானவர்களைத்தான் உங்கள் அறிவிப்பு உண்மையான ரசிகர்கள் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. இதை என்னால் ஏற்க முடியாது.

சபா என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோயிலிலும் அரண்மனையிலும் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்திலும் மட்டும் கேட்க முடிந்த பாட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் சபாக்கள் பொது அரங்கத்துக்குக் கொண்டுவந்தன. யாருடைய அழைப்பும் இல்லாமல் ஒரு குமாஸ்தா போய் உட்கார்ந்து கேட்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்று நாம் இன்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது, தமிழ்ப் பாட்டுக்கும் மேடை வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் திறந்திருக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. உங்கள் ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் அதைப் பெருமையாக அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் பெருமையில் பிற்பகல் நாற்காலிக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

'பிற்பகலில் அரங்கம் நிரம்புவதில்லை' என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மைதான். பல நாள் கால்வாசி அரங்கம்தான் நிரம்பும். ஆனால் அந்தக் கால்வாசியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பிற்பகல், கச்சேரி நடுவே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மேடையில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண், தோடி ஆலாபனையின் நடுவில் இருந்தார். மைக் போயிற்று, சுருதிப்பெட்டியும் நின்றுவிட்டது. வயலின் வாசித்த பையன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். வில்லை நீளமாக இழுத்து, ஆதார சுரமான ஷட்ஜத்தைப் பிடித்துக்கொடுத்தான். அந்தப் பெண் நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி, முன்னால் வாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார். சிதறி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து முதல் மூன்று வரிசைக்குப் போனோம். வாட்ச்மேன் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார், வெளிச்சம் மேடை வரைக்கும் வந்தது. தோடியின் காந்தார சுரம் அசையும்போது அவர் தொண்டை அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. கீர்த்தனை தொடங்கியதும் மிருதங்கக்காரர் கையை அடக்கி, விரல் நுனியில் வாசித்தார். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டியிருந்த ரவை காய்ந்து உதிர்ந்ததைத் தடவிச் சரிசெய்துகொண்டதுகூட எங்களுக்குத் தெரிந்தது. யாரும் இருமவில்லை. மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு யாரும் எழுந்து போகவில்லை. மாலைக் கச்சேரிகளில் தனி தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்து போவதைப் பார்த்து மனம் நொந்தவள் நான். அன்று ஒரு நாற்காலி அசையவில்லை.

எண் போட்ட இருக்கைகளும் டிக்கெட் பரிசோதிக்கிற ஆளும் இருந்திருந்தால் நாங்கள் முன்னால் போயிருக்க முடியாது. அந்தப் பெண் கூப்பிட்டிருக்கவும் மாட்டார். அரங்கம் நிரம்பவில்லை என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி. கச்சேரி நிரம்பியிருந்தது.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிபந்தனையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிற்பகல் மேடை ஓர் ஏணியின் முதல் படி. இரண்டு மணிக்குப் பாடியவர் சில வருடத்தில் நாலு மணிக்கு வருவார், அங்கிருந்து மாலைக்கு. இன்று உங்கள் மாலை மேடையில் உட்காருகிற வித்வான்கள் பலரை நாங்கள் பிற்பகலில், குரல் முதிராத வயதில், கை நடுங்க மைக்கைச் சரிசெய்தபோதே கேட்டிருக்கிறோம். அந்த முதல் படியில் ஏற ஒரு நிறுவனத்தின் காசோலை வேண்டும் என்றால், கும்பகோணத்திலோ மாயவரத்திலோ குருவின் வீட்டில் இருந்து படித்து வருகிற பிள்ளைக்கு அதை யார் கொடுப்பார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களிலும் நன்றாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேர்வு காதால் நடக்க வேண்டும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற காரியத்தைச் செய்கிறீர்கள். இன்னும் பத்து வருடத்தில் மாலை மேடைக்கு ஆள் தேடுவீர்கள்.

இனி கேன்டீன். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு இது பாதி விஷயம்.

நம் கேன்டீன் ஒரு தகரக் கொட்டகை. நீள பெஞ்சு, நீள மேஜை, வாழை இலை, எவர்சில்வர் டம்ளர் டவரா. மூன்றரை மணிக்கு முதல் ஈடு கீரை வடை எண்ணெயிலிருந்து வெளியே வரும். வெளியே மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே பச்சைக் கீரையும் பெருங்காய வாசனையுமாக. அதோடு தேங்காய்ச் சட்னி. அடை அவியல் கிடைக்கிற நாளில் இரண்டு மணிக் கச்சேரி முடிவதற்குள் வாசனை அரங்கத்துக்குள் வந்துவிடும். இனிப்பு போடுபவர் திருவையாற்றுப் பக்கத்துக்காரர். பாசிப்பருப்பை நெய்யில் வறுத்து வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறி அசோகா செய்வார். இலையில் வைத்தால் நெய் மெல்லப் பிரிந்து நரம்பின் வழியாக ஓடும். காபி கொடுப்பவருக்கு யாருக்குச் சர்க்கரை கூடாது என்பது மனப்பாடம்.

அந்த மேஜையில் யார் யார் உட்காருவார்கள் என்று கமிட்டியில் யாராவது பார்த்ததுண்டா? ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நாங்கள் எல்லோரும் கார்டு சார் என்போம். இசைக்கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன், ஒரு காபியும் ஒரு வடையும் மட்டும் வாங்குவான். மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், காபி குடித்துவிட்டு அரங்கத்தின் பின்கதவருகே நின்று தனி ஆவர்த்தனம் மட்டும் கேட்பார். அவர் அப்பா கோயிலில் தவில் வாசித்தவராம். வங்கி, பள்ளிக்கூடம் என்று வேலை முடிந்து வருகிறவர்கள். கரண்ட் போன அன்றைக்குப் பாடிய அந்தப் பெண்ணும் கச்சேரி முடிந்ததும் எங்கள் பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த பெரியவர், "அம்மா, அனுபல்லவியில அந்த ரெண்டாவது சங்கதி எங்க குருநாதர் வழியில வேற மாதிரி வரும்" என்றார். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்தான் சங்கதி. "பாடிக் காட்டுங்களேன் மாமா" என்றார் அவர். அடையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெரியவர் பாடிக்காட்ட, அந்தப் பெண் வாங்கிக்கொண்டு திருப்பிப் பாடினார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். சீசன் டிக்கெட்காரர்களுக்கான தனி கேன்டீனில் இது நடக்குமா? அந்தப் பெரியவரிடம் ஸ்மார்ட்ஃபோனே கிடையாது. செயலியில் எப்படி முன்பதிவு செய்வார்?

அந்த மேஜையில் இன்னொன்றும் நடக்கும். ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசுவோம். போனவர்கள் சொல்வார்கள், போகாதவர்கள் கனவு காண்போம். எங்களில் பெரும்பாலோர் போகாதவர்கள்.

தை மாதம் திருவையாறு. தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று, அவர் சமாதியருகே, காவிரிக் கரையில், பந்தலில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற பஞ்சரத்தினம், ஐந்து ராகங்களில் அவருடைய ஐந்து கீர்த்தனைகள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ் என்று கார்டு சார் வழி சொல்வார். பகலில் வயலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்றால் சோழன் எக்ஸ்பிரஸ்தான் என்பார். சீர்காழிக்கு அப்புறம் ஜன்னலை மூடாதீர்கள் என்பார். குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் செம்பை சங்கீதோற்சவத்தை அவர் பார்த்திருக்கிறார். காலையிலிருந்து நள்ளிரவு வரை ஒருவர் பின் ஒருவராக, பெயர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஒரே மேடையில் பாடுவதைச் சொல்வார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தைப் பற்றி ஒரு டீச்சர் சொல்வார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கச்சேரி, யாரும் கைதட்டக் கூடாது. பாட்டு முடிந்ததும் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். புனேயில் பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953-ல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா, ஜனவரிக் குளிரில் கல்கத்தாவில் விடிய விடிய நடக்கும் டோவர் லேன் மாநாடு, இவையெல்லாம் அந்த மேஜையில்தான் எனக்குத் தெரியவந்தன. அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்ற கேள்வியையும் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் சங்கீதமே பாதி யாத்திரை. முத்துசுவாமி தீட்சிதர் தலம் தலமாகப் போய்ப் பாடினவர். பஞ்சபூதத் தலங்களுக்கு அவர் செய்த ஐந்து கிருதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிக்குப் பைரவி, திருவானைக்காவுக்கு யமுனாகல்யாணி, திருவண்ணாமலைக்குச் சாரங்கா, காளஹஸ்திக்கு ஹுசேனி, சிதம்பரத்துக்குக் கேதாரம். ஒரு பிற்பகலில் யமுனாகல்யாணி கேட்டுவிட்டு வந்து, கர்ப்பகிருகத்தில் நீர் ஊறுகிற அந்தக் கோயிலைப் பற்றி மேஜையில் பேசிக்கொண்டிருந்தோம். திருச்சிக்காரர் ஒருவர் வழி சொன்னார். அடுத்த வருஷம் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து போய் வந்தோம். எங்கள் கணக்கில் அது பெரிய பயணம். டிக்கெட் இல்லாத பாட்டும் பத்து நிமிஷக் காபியும்தான் எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. பென்ஷனில் வாழ்கிறவர்களுக்கும் விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சந்தோஷம் என்பது இந்த அளவில்தான் கிடைக்கிறது: ஒரு நல்ல ராகம், சூடான ஒரு வடை, போக நினைக்கிற ஓர் ஊர். மூன்றையும் ஒரே அறிவிப்பில் எடுத்துவிட்டீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டு, மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. ஊரே சேற்றில் கிடக்கும்போது கச்சேரி தேவையா என்ற கேள்வி அந்த மாதம் எழுந்தது. நிவாரணத்துக்கு நிதி திரட்டவும் கச்சேரிகள் நடந்தன. வீட்டைக் கழுவி முடித்த பிறகு ஒரு பிற்பகல் சபாவுக்கு வந்தேன். கேன்டீனில் கை கழுவும் குழாயடியில் கோட்டூர்புரத்துக்காரர் ஒருவர், ஜாபர்கான்பேட்டைக்காரர் ஒருவர், நான். யார் வீட்டில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லிக்கொண்டோம். ஒருவர் சொல்லும்போது அழுதுவிட்டார். அப்புறம் மூவரும் உள்ளே போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். அன்று என்னிடம் டிக்கெட் வாங்கப் பணம் இருந்திருக்காது. இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன், மிக்ஸி வாங்க வேண்டியிருந்தது.

2020 மார்கழியில் கொரோனாவால் அரங்கங்கள் மூடியிருந்தன. மகள் ஃபோனில் போட்டுக்கொடுத்து இணையத்தில் கச்சேரி கேட்டேன். குரல் துல்லியமாக இருந்தது. கலைஞர்கள் காலி அரங்கத்தில், தலையாட்ட ஒருவர்கூட எதிரில் இல்லாமல் பாடினார்கள். நல்ல இடம் வரும்போது அவர்கள் கண்கள் எதிரே ஆளைத் தேடின. அடுத்த ஆண்டு கதவுகள் திறந்தபோது, ரசிகர்கள் இல்லாமல் சங்கீதம் இல்லை என்று உங்கள் செயலாளர் மேடையில் பேசினார். நாங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு கைதட்டினோம். அந்தப் பேச்சில் டிக்கெட் பற்றி எதுவும் இல்லை.

நாகஸ்வரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்க நாளில் வாசலில் ஒரு மணி நேரம் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிறவருக்கு அரசு மரியாதை கொடுத்திருக்கிறது. வாசிக்கிறவருக்குச் சபா வாசலில் இடம் இல்லையா? தெருவில் போகிறவர் நின்று கேட்கிற ஒரே கச்சேரி அதுதான். ஸ்பீக்கரில் போட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். இதில் விவாதிக்க எனக்கு ஒன்றும் இல்லை. தவறு, திருத்துங்கள்.

உங்கள் செலவு எனக்குப் புரியாமல் இல்லை. மின் கட்டணம், அரங்கப் பராமரிப்பு, ஊழியர் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கிறது. கவுண்டரில் வருஷக்கணக்கில் பணம் எண்ணினவள் நான், வரவு செலவு தெரியும். ஆனால் நிர்வாகக் குழு முதலில் எங்களிடம் கேட்டிருக்கலாம். மார்கழிப் பிற்பகலில் ஏசி தேவையில்லை, மின்விசிறி போதும். கதவைத் திறந்து வைத்தால் அதுவும் பாதி நேரம் வேண்டாம். வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள், முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுவோம். வரிசை பார்ப்பது, வயதானவர்களைக் கைப்பிடித்து உட்கார வைப்பது, நாற்காலியை ஒழுங்கு செய்வது, கச்சேரி விவரத்தைப் பலகையில் எழுதுவது, இதற்கெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் பலர் சும்மாவே வருவோம். இதே நகரத்தில் பிற்பகல் இலவசக் கச்சேரிகளை இன்னும் நடத்துகிற சபாக்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் கரண்ட் பில் வருகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

பிற்பகல் இலவசக் கச்சேரிகளை இந்த சீசனிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாக் கச்சேரிகளும் முடியாது என்றால், நாள் ஒன்றுக்கு ஒன்றாவது இருக்கட்டும். அந்தக் கச்சேரிகளில் எண் போட்ட இருக்கை வேண்டாம்.

இளம் கலைஞர்களுக்கு ஸ்பான்சர் நிபந்தனையை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். இரண்டு மூன்று மூத்த வித்வான்கள் குரல் பதிவைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பதிவில் பெயரோ ஊரோ இருக்க வேண்டாம். பாடுகிறவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் போக்குவரத்துச் செலவாவது கொடுங்கள். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேன்டீனை எல்லோருக்கும் திறந்து வையுங்கள். செயலியில் முன்பதிவு செய்கிறவர்கள் செய்யட்டும், பணம் கொடுத்து டோக்கன் வாங்குகிற ஜன்னலும் இருக்கட்டும். விலைப்பட்டியலை வெளியே எழுதி வையுங்கள். புதிய ஒப்பந்தக்காரர் வந்தாலும் இப்போதிருக்கிற சமையல்காரர்களையும் பரிமாறுகிறவர்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீள மேஜைகளை எடுத்துவிட்டு இரண்டு பேர் மேஜைகள் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதைச் செய்யாதீர்கள். வயதானவர்களுக்காகச் சாய்மானம் வைத்த நாற்காலி பத்து, கழிப்பறைக்குப் போகும் படியில் ஒரு கைப்பிடி, இவை போன வருஷமே கேட்டது, இன்னும் வரவில்லை.

தொடக்க நாளில் நாகஸ்வரமும் தவிலும் நேரில் ஒலிக்கட்டும்.

'உண்மையான ரசிகர்கள்' என்ற சொற்றொடரை உங்கள் அறிவிப்புகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சீசன் அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன் பொதுக்குழுவைக் கூட்டி இதை முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்தில், உறுப்பினர் அல்லாத பிற்பகல் ரசிகர்கள் இரண்டு பேருக்கு ஐந்தைந்து நிமிஷம் பேச அனுமதி கொடுங்கள். ஒருவராக நான் வருகிறேன். இன்னொருவராகக் கார்டு சார் வரச் சம்மதித்திருக்கிறார். கூட்டத்தின் தேதியைப் பத்து நாள் முன்னதாகத் தெரியப்படுத்தினால் போதும்.

இப்படிக்கு,
பிற்பகல் கச்சேரி ரசிகை,
வேளச்சேரி